1869 அக்டோபர் கல்யாணம்: எட்டு மாதத் தேடல்

என் கணவரின் பாட்டிக்கு வயது 91. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் மேற்கு மூலையில், பீச் மலைக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கில் பிறந்து இன்றும் அங்கேயே இருக்கிறார். போன தேங்க்ஸ்கிவிங் அன்று விருந்து முடிந்து பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, "எங்க கொள்ளுப்பாட்டி எந்த ஊர்ப் பொண்ணுன்னு எங்கம்மாவுக்கே தெரியாதும்மா. நீ கொஞ்சம் பார்த்துச் சொல்றியா?" என்று கேட்டார். கையில் இருந்தது வீட்டு பைபிள் மட்டும்தான். அதில் கல்யாணத்துக்கு நேரே 1869 என்று இருந்தது. தேதியும் இல்லை, ஊரும் இல்லை.

"எங்க ஆளுங்க அந்த வீட்டை விட்டு எங்கயும் குடிபோனதே இல்ல" என்று பாட்டி உறுதியாகச் சொன்னார். ஆனால் 1920 சென்சஸில் அந்தக் குடும்பம் ஏவரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது, 1910இல் வடாகா கவுண்டியில். வேறு குடும்பம் போலிருக்கிறது என்று வடாகா பக்கத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வாரம் ஏவரியிலேயே தேடினேன். பிறகுதான் தெரிந்தது, ஏவரி கவுண்டியே 1911இல்தான் பிறந்திருக்கிறது. மிட்செல், வடாகா, கால்டுவெல் மூன்றிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்த கவுண்டி அது. வட கரோலினாவின் நூறு கவுண்டிகளில் கடைசியாக உருவானதும் அதுதான். வடாகாவுக்கு வயது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். 1849இல் ஆஷ், வில்க்ஸ், கால்டுவெல், யான்சி நான்கிலிருந்தும் பிரித்து உருவாக்கியிருக்கிறார்கள். ஆஷ் 1799இல் வில்க்ஸிலிருந்து வந்தது. பாட்டி சொன்னது முழுக்க உண்மை. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றிக் கோடுகள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. எனக்கு இது உடனே பிடிபட்டிருக்க வேண்டும். நான் பிறந்தது திருநெல்வேலி மாவட்டம் என்று என் சான்றிதழ் சொல்கிறது, அதே தெரு 2019 முதல் தென்காசி மாவட்டம்.

அன்றைக்கே ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: ஆண்டு, அந்த ஆண்டில் அந்த நிலம் எந்தக் கவுண்டி, அந்தக் காலத்துக் காகிதம் இப்போது எங்கே. மூன்றாவது கட்டம்தான் முக்கியம். கவுண்டியைப் பிரிக்கும்போது பழைய பதிவேடுகளைப் பிரித்துக் கொடுப்பதில்லை, அவை தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். 1911க்கு முந்தைய பத்திரத்துக்கு வடாகாவின் தலைநகரான பூனுக்குத்தான் போக வேண்டும், ஏவரியின் நியூலாண்டுக்குப் போய்ப் பயனில்லை. எந்தத் தேதியில் எல்லை எங்கே இருந்தது என்று பார்க்க, நியூபெரி நூலகம் தொகுத்த கவுண்டி எல்லை வரைபடம் எனக்குப் பெரிய துணை.

அடுத்த துப்பு 1870 சென்சஸில் கிடைத்தது. கடந்த ஓராண்டுக்குள் கல்யாணம் ஆனவர்களுக்கு எந்த மாதம் என்று குறிக்க அந்த ஆண்டுப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கிறது. வடாகாவில் கணவன் மனைவி இருவர் பெயருக்கும் நேரே அக்டோபர் என்று குறித்திருந்தார்கள். ஆக, 1869 அக்டோபர். வடாகாவின் கல்யாணப் பதிவைத் திறந்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் அங்கே கோர்ட் ஹவுஸ் 1873இல் தீப்பிடித்து எரிந்துபோயிருக்கிறது. அந்தக் கல்யாணம் அங்கே பதிவாகியிருந்தாலும் இப்போது கிடைக்காது. ஆஷ், கால்டுவெல், மிட்செல் மூன்றையும் தேடினேன், ஒன்றும் இல்லை.

மார்ச் மாதம் முழுவதும் நோட்டை மூடி வைத்துவிட்டேன். மறுபடி திறந்தபோது 1880 சென்சஸ் கண்ணில் பட்டது. மனைவி பிறந்த இடம் டென்னசி. அந்தக் காலத்தில் கல்யாண லைசென்ஸ் வாங்குவது பெரும்பாலும் பெண் வீட்டுக் கவுண்டியில்தான். மலைக்கு அந்தப் பக்கம் டென்னசியின் ஜான்சன் கவுண்டி. அதன் தலைநகர் இன்று மவுண்டன் சிட்டி, அன்று டெய்லர்ஸ்வில்.

அந்தக் கவுண்டியின் கல்யாணப் பதிவேட்டுப் பெயர் அட்டவணையில் பெண் பெயரைத் தேடினால் வரவில்லை. ஆகவே அக்டோபர் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மூன்றாவது பக்கத்தின் படத்தில் அந்த லைசென்ஸ் இருந்தது. மை பழுப்பேறி, பக்கத்தின் ஓரம் கிழிந்திருந்தது. குடும்பப் பெயரின் முதல் எழுத்து 'எல்'. எழுத்தர் அதன் மேல் வளைவைப் பெரிதாகச் சுழித்திருக்கிறார், அட்டவணை போட்டவர் 'எஸ்' என்று படித்திருக்கிறார். லைசென்ஸ் வாங்கியது அக்டோபர் 14. கீழே போதகர் கையெழுத்திட்டு, 17ஆம் தேதி கல்யாணத்தை நடத்திவைத்ததாக எழுதியிருக்கிறார். நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை. போதகரின் அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். வட கரோலினாவில் 1868 வரை இருந்த கல்யாணப் பிணைப் பத்திரத்தில் மாப்பிள்ளையும் ஜாமீன்தாரரும் கையெழுத்திட்டிருப்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. நடந்து முடிந்ததா என்று அது சொல்லாது.

லைசென்ஸில் பெண்ணின் அப்பா அம்மா பெயர் இல்லை. ஆனால் ஜாமீன் போட்டவருக்கும் பெண்ணின் குடும்பப் பெயரேதான், அவருக்குக் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. 1860 சென்சஸில் ஜான்சன் கவுண்டியில் ஒரே வீட்டில் இருவரும் இருக்கிறார்கள், அவனுக்கு 15, அவளுக்கு 10. அண்ணன் தங்கையாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அடித்துச் சொல்ல மாட்டேன். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டம் 1880இல்தான் வந்தது. அந்த வீட்டுப் பெரியவரின் சொத்துப் பங்கீட்டுக் காகிதத்தில் மகள் பெயரும் மருமகன் பெயரும் சேர்ந்து வந்தால்தான் நான் நோட்டில் பேனாவால் எழுதுவேன். இப்போதைக்குப் பென்சில்தான்.

இன்னொரு முடிச்சும் விழுந்திருக்கிறது. அதே குடும்பப் பெயரோடு 64 வயதுக்காரர் ஒருவர் 1850 சென்சஸில் இருக்கிறார், பிறந்தது வட கரோலினா என்கிறார். மலையேறிக் குடிவந்தவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர் பிறந்த 1786 வாக்கில் ஜான்சன் கவுண்டி நிலமே வட கரோலினாவின் வாஷிங்டன் கவுண்டிக்குள் இருந்தது. டென்னசி மாநிலமானது 1796இல், அதே ஆண்டில் கார்ட்டர் கவுண்டி, அதிலிருந்து 1836இல் ஜான்சன். அவரும் பிறந்த இடத்தை விட்டு நகராதவராக இருக்கலாம்.

லைசென்ஸ் கிடைத்த அன்று இரவே பாட்டிக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "மவுண்டன் சிட்டியா? எங்கப்பா பீன்ஸ் மூட்டையை ஏத்திக்கிட்டு அங்கதானே விக்கப் போவாரு. நானும் லாரியில கூடப் போயிருக்கேன்" என்றார். சொத்துக் காகிதங்களைப் பார்க்க அடுத்த மாதம் அங்கே போகிறேன். முன் சீட்டைத் தனக்கு வைக்கச் சொல்லியிருக்கிறார்.