அதர்ஸ்னு இருந்தா யாருக்கு போன் பண்றது?

ஷேர்பாயின்ட் லிஸ்ட்ல (ஆபீஸ்ல எல்லாரும் ஆன்லைன்ல நிரப்புற அட்டவணை) இருந்து எஸ்க்யூஎல் சர்வர்ங்குற டேட்டாபேஸுக்கு டேட்டா ஏத்துறதுல வர்ற டெக்னிக்கல் தலைவலி எல்லாம் பழகிடும். 5000 ஐட்டத்தைத் தாண்டுன லிஸ்ட்ல இன்டெக்ஸ் இல்லாத ஃபீல்டை ஃபில்டர் பண்ணா அளவு தாண்டிடுச்சுன்னு த்ரெஷோல்டு எரர் வரும், சரி, ஐடி வரிசைல கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கலாம். தேதி யூடிசில (நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்குற உலகப் பொது நேரம்) வரும், 12ஆம் தேதின்னு போட்டது 11ஆம் தேதி 18:30ன்னு வந்து நிக்கும், அஞ்சரை மணி நேரம் கூட்டாம தேதியை மட்டும் வெட்டி எடுத்தா மொத்தமும் ஒரு நாள் முன்னாடி போயிடும். இதெல்லாம் தேடுனா கெடைக்கும். எனக்கு இன்னும் உறுத்திட்டு இருக்குறது, பில்லு எந்த நிலைல இருக்குன்னு சொல்ற ஸ்டேட்டஸ் ஃபீல்டு.

ஓப்பன், பெண்டிங், க்ளோஸ்டுன்னு மூணே சாய்ஸ். ஆனா லிஸ்ட்டை உண்டாக்குனவங்க, கையாலயும் டைப் பண்ணிக்கலாம்ங்குற ஆப்ஷனை டிக் பண்ணி வச்சிருக்காங்க. பர்ச்சேஸ்ல இருக்குற அக்கா அதை முழுசா பயன்படுத்திக்கிட்டாங்க. "ஓனர் ஊர்ல இல்ல, திங்கள் பேசணும்", "பில்லுல ஜிஎஸ்டி நம்பர் தப்பு, அவங்க பையன்கிட்ட சொல்லியாச்சு". இதெல்லாம் ஸ்டேட்டஸாம்.

டேட்டாபேஸ்ல ஸ்டேட்டஸுக்கு தனி டேபிள், அதுல இல்லாத எதையும் ஏத்துக்காத ஃபாரின் கீங்குற கட்டுப்பாடு. இந்த வரி எல்லாம் உள்ளயே போகாது. அதனால மூணுல அடங்காததை "அதர்ஸ்"னு மாத்தி, அவங்க எழுதுனதை அப்படியே ரிமார்க்ஸ்ல போட்டேன். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்க ராத்திரி ஓடுற சிங்க் திரும்ப லிஸ்ட்டுக்கும் எழுதும், அதனால அங்கயும் அதர்ஸ், அதுவும் கடைசியா மாத்துனது யாருன்னு பாத்தா, ஆள் பேரு இல்ல, சிங்க் ஓடுற சர்வீஸ் அக்கவுன்ட் பேரு.

மறுநாள் அக்கா கேட்டாங்க, "தம்பி, வரிசையா அதர்ஸ்னே இருக்கே, இதுல நான் யாருக்கு போன் பண்றது?"

"எதுவும் போகலக்கா, ரிமார்க்ஸ்ல பத்திரமா இருக்கு"ன்னேன்.

"போச்சுன்னு நான் சொல்லலையே."

அதுக்கு மேல அவங்க பேசல. நான் சொன்னது உண்மை, ஒரு எழுத்து கூட தொலையல, வேணும்னா வெர்ஷன் ஹிஸ்டரில பழசும் இருக்கு. ஆனா காலைல ஒரு தடவை மேலேர்ந்து கீழ ஓட்டிப் பாத்து இன்னைக்கு யாரைப் புடிக்கணும்னு முடிவு பண்றவங்களுக்கு, ஒவ்வொரு ஐட்டமா தொறந்து ரிமார்க்ஸ் படின்னு சொல்றது என்ன பதில்? சரி, ரிமார்க்ஸை வியூலயே சேத்துக் குடுத்தேன். நல்லா இல்ல, புதுசா எழுதும்போது ஸ்டேட்டஸ் ஒரு எடம், ரிமார்க்ஸ் ஒரு எடம்னு ரெண்டு வேலைங்குறாங்க.

அப்புறம் வேற என்ன பண்ணியிருக்கணும்? ஃபாரின் கீயை எடுத்துட்டா எத்தனை பில்லு பெண்டிங்னு மேனேஜர் கேக்குற ரிப்போர்ட் வராது, அதுக்குத்தானே இந்த வேலையே ஆரம்பிச்சது. இப்பவும் இன்னொரு லிஸ்ட் வந்தா இதையேதான் பண்ணுவேன்னு நினைக்கிறேன். இல்ல, முதல்ல ஒரு நாள் அவங்க பக்கத்துல ஒக்காந்து பாப்பேனோ என்னவோ. ஒக்காந்தாலும் டேபிள் மாறியிருக்காது.

இப்ப அக்கா தனியா ஒரு எக்செல் வச்சிருக்காங்க. எனக்குத் தெரியும், நான் யாருகிட்டயும் சொல்லல. எப்படியோ மேனேஜர் காதுக்குப் போயி, அதையும் டேட்டாபேஸ்ல ஏத்திடலாமான்னு கேட்டாரு, பாத்துட்டு சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்.