‘குடித்தார்கள்’ தெரிந்தால் போதும்: ஸ்பானிய வினைத்திரிபுப் பயிற்சி

ஸ்பானிய மொழி கற்பவர்களை மிரட்டும் வினைவடிவம் இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்டிவ். நடக்காததை, நடக்கட்டும் என்று விரும்பியதை, ‘அப்படி இருந்தால்’ என்று கற்பனை செய்வதைச் சொல்ல வருவது. பெயரைக் கேட்டே பலர் ஒதுங்குகிறார்கள். தேவையில்லாத பயம் என்று இப்போது தைரியமாகச் சொல்வேன்.

நான் எடுத்துக்கொண்ட வினை ‘தொமார்’: குடி, எடு. இதன் இறந்தகாலப் படர்க்கைப் பன்மை ‘தொமாரொன்’, அதாவது குடித்தார்கள். கடைசி ‘ரொன்’னை வெட்டினால் மிஞ்சுவது ‘தொமா’. அதோடு நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் விகுதிகளைச் சேர்த்தால் தொமார, தொமாரஸ், தொமார, தொமாரமொஸ், தொமாரைஸ், தொமாரன். ஐந்தாவது பெரும்பாலும் ஸ்பெயினில் புழங்கும் முன்னிலைப் பன்மை. லத்தீன் அமெரிக்க உச்சரிப்பைப் பழகுவதால் அதைத் தாண்டிவிட்டேன். ‘கொமேர்’ (சாப்பிடு) கொமியேர ஆகிறது, ‘விவீர்’ (வாழ்) விவியேர ஆகிறது. வழி ஒன்றே.

ஒழுங்கான வினைகளோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆசை விடவில்லை. ‘தெனேர்’ (வைத்திரு) இறந்தகாலத்தில் துவியேரொன், ஆகவே துவியேர. ‘தெஸீர்’ (சொல்) திஹேரொன், ஆகவே திஹேர. முரண்டு பிடிக்கும் வினைகள்கூட இந்த விதியை மீறுவதில்லை. அவற்றின் முரண்டெல்லாம் இறந்தகாலத்தோடு தீர்ந்துவிடுகிறது. எனவே உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம் இறந்தகால அட்டவணைதான்.

உண்மையான சிக்கல் அழுத்தத்தில் இருக்கிறது. ‘தொமார’ என்பது இந்த வடிவம். ‘தொமரா’ என்றால் ‘குடிப்பான்’ என்ற எதிர்காலம். ஸ்பானிய எழுத்தில் கடைசி உயிரின் மேல் ஒரு சிறு கோடுதான் வேறுபாடு. அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் தமிழில் எழுதி வாய்விட்டுப் படித்தேன். ஸ்பானியத்தில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. இது என் நோட்டுப் புத்தகத்துக்கான ஏற்பாடு மட்டுமே. ஆனால் நாக்கு உடனே பிடித்துக்கொண்டது.

‘தொமாஸெ, தொமாஸெஸ்’ என்று இன்னொரு வரிசையும் உண்டு. பெரும்பாலும் பொருள் ஒன்றே. இரண்டும் லத்தீனின் வெவ்வேறு வடிவங்களிலிருந்து வந்தவை. அமெரிக்க நாடுகளின் பேச்சில் ‘ர’ வரிசையே ஓங்கியிருப்பதால், மற்றதைப் படித்தால் அடையாளம் கண்டால் போதும் என்று விட்டேன்.

வாக்கியத்தில் வைத்தபோதுதான் சுவை தெரிந்தது. ‘இப்போது காபி குடித்தால் தூங்க மாட்டேன்’ என்று தமிழில் சொன்னால், குடிக்கப் போகிறேனா, சும்மா சொல்கிறேனா என்று புரியாது. ஸ்பானியத்தில் ‘ஸி தோமொ’ என்றால் குடிக்க வாய்ப்பிருக்கிறது. ‘ஸி தொமார’ என்றால் வெறும் கற்பனை. பின்பாதியும் அதற்கேற்ப ‘நோ தொர்மிரீய’ என்று மாறும்.

அடுத்து ‘பெதீர்’ (தரும்படி கேள்), ‘தொர்மீர்’ (தூங்கு). இறந்தகாலப் படர்க்கையில் இவற்றின் உயிர் மாறி பிதியேரொன், துர்மியேரொன் என்று வரும். பிதியேர, துர்மியேர இரண்டும் தடுக்காமல் வாயில் வரும்வரை வேறு வினையைத் தொடுவதாக இல்லை.