தடைக்காலத்துத் தூள்

ரொறன்ரோவுக்கு வந்து இறங்குகிற யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு அரிசியும் தேங்காயும் ஒரு பிரச்சினையே இல்லை. நான் வந்த 1996இலேயே ஸ்காபரோவில் தமிழ்க்கடைகள் தாராளமாக இருந்தன. முருங்கைக்காய் உறைந்த நிலையில் கிடைத்தது, பாரை மீன் கிடைத்தது, நல்லெண்ணெய் கிடைத்தது. இடறியது தூளில்தான்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக ஒரு விளக்கம். உங்கள் வீடுகளில் சாம்பாருக்கு ஒரு பொடி, ரசத்துக்கு ஒரு பொடி, வத்தக்குழம்புக்கு இன்னொன்று. எங்கள் குசினியில் பெரும்பாலும் ஒரே ஒரு போத்தல்தான். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்து ஒன்றாகத் திரித்த தூள். மீனுக்கும் அதுதான், ஆட்டிறைச்சிக்கும் அதுதான், கத்தரிக்காய்க்கும் உருளைக்கிழங்குக்கும் அதுதான். ஆகவே ஒரு வீட்டின் ருசி என்பது முக்கால்வாசி அந்த வீட்டுத் தூளின் ருசி.

கடையில் விற்ற தூளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பேஸ்மென்டில் ஐந்து பேர் இருந்தோம், ஐந்து பேரும் ஐந்து ஊர். முறை வைத்துச் சமைத்தோம். நயினாதீவுக்காரன் மிளகைக் கொட்டுவான். கரவெட்டிக்காரன் வெந்தயம் கூடினால் கறி கைக்கும் என்று சண்டைக்கு வருவான். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு இரவு ஒரு மணிக்கு வந்து, ஆறிய சோற்றோடு, யாருடைய அம்மாவின் தூள் சரியான தூள் என்று விவாதிப்போம். இதற்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்றுதான் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்.

பதில் வர மாதக்கணக்கானது. அம்மா அப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கி வந்ததால், யாழ்ப்பாண நகரை அடுத்த வலிகாமமே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவில், நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் மணிக்கணக்காக நின்றவர்களில் நாங்களும் இருந்தோம். காணி உறுதியும் அடையாள அட்டையும் வைத்த பையில் அம்மா ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் தூளையும் வைத்திருந்தார். அப்போது எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு சாவகச்சேரியில் ஒரு வீட்டில் ஏழு குடும்பம் ஒன்றாக உலை வைத்தபோது, மரவள்ளிக்கிழங்கையும் பருப்பையும் கறியாக்கியது அந்தப் போத்தல்தான். அங்கிருந்து நான் கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்கும், பிறகு கொழும்புக்கும், கடைசியில் இங்கேயும் வந்தேன். அம்மா அடுத்த வருடம் சனத்தோடு சனமாக வீட்டுக்குப் போய்விட்டார்.

கடிதத்தில் அளவுகள் தெளிவாகவே இருந்தன. மிளகாய் ஒரு கிலோ, மல்லி கால் கிலோ, பெருஞ்சீரகம் இருநூறு கிராம், மிளகு நூறு, நற்சீரகமும் வெந்தயமும் ஐம்பது ஐம்பது, மஞ்சள் நாலைந்து துண்டு, கறிவேப்பிலை இரண்டு கை. எல்லாவற்றையும் தனித்தனியே வறுக்கவேண்டும், சேர்த்து வறுத்தால் ஒன்று கருகும், ஒன்று பச்சையாய் நிற்கும். மிளகாயை வறுக்கும்போது ஒரு சிட்டிகை உப்புப் போடு, நெடி அடங்கும். கீழே, ‘சாப்பாட்டில் கவனம்’.

உப்புப் போட்டேன். நெடி அடங்கவில்லை. ஒன்ராறியோவில் பேஸ்மென்டில் இருந்தவர்களுக்கு இது புரியும்: வீடு முழுவதற்கும் ஒரே பர்னஸ், ஒரே காற்றுக்குழாய். கீழே அடுப்பில் மிளகாய் கிடந்தால் மேலே கட்டிலில் படுத்திருக்கிற குழந்தை தும்மும். ஸ்மோக் அலாம் ஒரு பக்கம் கத்த, வீட்டுக்காரர் மறுபக்கம் படியிறங்கி வந்தார். அவரும் எங்கள் ஆள்தான் என்பதால் ஏசிவிட்டு, போகும்போது தனக்கும் ஒரு போத்தல் கேட்டார். அன்றிலிருந்து தூள் வறுப்பது மே மாதத்துக்குப் பிறகு, வீட்டின் பின்வளவில், முகாமடிக்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் சின்ன காஸ் அடுப்பில் என்று ஆனது. ஒரு கோடையில் வருடம் முழுவதற்கும் வறுத்து வைப்போம். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் தன் தக்காளியை அவித்துப் போத்தலில் அடைக்கும் அதே நாட்களில் வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் தும்மிக்கொண்டிருப்போம்.

வறுக்கிற பக்குவத்தைக் கடிதத்தால் கற்க முடியாது, மூக்கால்தான் கற்க முடியும். மல்லி முதலில் பச்சை வாசம் அடிக்கும். பிறகு ஒரு கட்டத்தில் தாச்சிக்குள் மெல்ல வெடித்து, பொன்னிறம் கடந்து மண்ணிறத்துக்குப் போகும்போது வாசம் மாறும். அங்கே இறக்கவேண்டும். வெந்தயம் இன்னும் மோசம். சிவக்கத் தொடங்கியதும் தாச்சி அடுப்பில் இருக்கக்கூடாது, திரும்பிப் பார்ப்பதற்குள் கைத்துவிடும். கறிவேப்பிலை கையில் நொறுங்கவேண்டும், ஈரம் இருந்தால் தூள் பூஞ்சணம் பிடிக்கும். மிளகாய் கடைசி. அதற்குப் பிறகு தாச்சியில் எதை வறுத்தாலும் இருமல்தான். திரிக்க ஒரு கோப்பி கிரைண்டர் வாங்கினேன். வீட்டுத் தூள் கொஞ்சம் கொரகொரப்பாய் இருந்தது நினைவில் இருந்ததால், வேண்டுமென்றே அரைகுறையாக நிறுத்தினேன். கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்தபோது அதே உறைப்பு, அதே கரகரப்பு. பேஸ்மென்டில் விவாதம் முடிந்தது என்றே நினைத்தேன். கரவெட்டிக்காரன் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்தது. அடுத்த வருடம் அம்மா ஸ்பொன்சரில் வந்து சேர்ந்தார். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, ஒரு அப்பார்ட்மென்டும் இருந்தது. வந்த மறுநாள் அம்மாவுக்கு என் கையால் மீன்குழம்பு வைத்தேன். ஒரு வாய் வைத்தவர் எழும்பிப் போய்ப் போத்தலைத் திறந்து மணந்தார். உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்தார்.

“என்னடா இது, மல்லி எங்கை?”

நீங்கள் எழுதியபடிதான் என்று கடிதத்தை எடுத்துக் காட்டினேன். வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அது தடைக்காலத்துத் தூளடா. அப்ப மல்லிக்கு எங்கை போறது? அதுக்கு முதல் அம்மம்மா திரிச்ச தூள் உனக்கு நினைவில்லையே?”

எனக்கு நினைவில்லை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன். பெற்றோல், உரம், பற்றரி, சிமெந்து என்று வடக்குக்குப் போகக்கூடாதென்று அரசாங்கம் தடைசெய்த சாமான்களின் பட்டியல் நீளமானது. பட்டியலில் இல்லாதவையும் வந்து சேர வழியில்லாமல் விலை ஏறின. மல்லி வெளியே இருந்து வரவேண்டிய சாமான். மிளகாய் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலேயே விளைந்தது. ஆகவே வருடத்துக்கு வருடம் தூளில் மல்லி இறங்கி மிளகாய் ஏறியது. கரகரப்புக்கும் காரணம் இருந்தது. மின்சாரம் இல்லை, மில்லை ஓட்ட எண்ணெய் இல்லை, எனவே உரலில் இடித்தார்கள். “அரிதட்டிலை அரிக்கிறதுக்கு ஆருக்கு நேரம்? ஷெல் வாற நேரத்திலை அரிச்சுக்கொண்டு நிக்கிறதே?” என்றார் அம்மா. கடிதம் எழுதிய வருடத்திலும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை என்பதால், அன்று தான் செய்ததைத்தான் எழுதி அனுப்பியிருந்தார்.

அம்மம்மாவின் தூளில் மல்லியும் மிளகாயும் சமன். பெருஞ்சீரகம் தாராளம். நன்றாகத் திரித்து, அரித்து, நிறம் சிவப்பில்லாமல் கடும் மண்ணிறமாக இருக்கும். அம்மா அதைச் செய்து காட்டினார். ஆட்டிறைச்சிக்கு அதற்கு ஈடில்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், குழம்பு தடித்து, உறைப்பு பின்னால் மெதுவாக வரும். மனைவி அன்றே கட்சி மாறிவிட்டார். ஆனால் பழப்புளி விட்ட மீன்குழம்புக்கு எனக்கு இன்றும் தடைக்காலத்துத் தூள்தான். மல்லி குறைந்தால் குழம்பு தெளிவாக நிற்கும், புளியும் உறைப்பும் நேராக வந்து அடிக்கும். அம்மாவுக்கு இது பிடிப்பதில்லை. பஞ்சத்தில் செய்ததை வசதி வந்த பிறகும் ஏன் செய்யவேண்டும் என்று கேட்பார். யாழ்ப்பாணத்து அசல் ருசி என்று இங்கே மேடைகளில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது, எந்த வருடத்து அசல் என்று கேட்கத் தோன்றும். கேட்பதில்லை, சாப்பாடு நல்லாயிருந்தால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவேன்.

புட்டிலும் இதே கதைதான். கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூடாக இருக்கும்போதே உடைத்து அரித்து, சிவப்பரிசி மாவோடு கலந்து குழைப்பது எங்கள் வழக்கம். அவிக்காத மாவில் கொதிநீர் பட்டால் பசையாகிவிடும், அவித்தால் உதிரியாக நிற்கும். ஊரில் அதை அமெரிக்கன் மா என்போம், சங்கக்கடையில் பங்கீட்டுக்கு வாங்குவோம். இங்கே ரொபின் ஹூட் பையை வாங்கி அவிக்கிறோம். கப்பலில் வந்த மாவு எப்போது எங்கள் பாரம்பரியமானது என்று அம்மாவிடம் கேட்டால், “நான் பிறக்கேக்கையே இருந்தது” என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

இப்போது வறுக்கிற வேலையும் இல்லை. மார்க்கம் வீதிப் பக்கம் சாமானை நிறுத்துக் கொடுத்தால் வறுத்துத் திரித்துத் தருகிற கடைகள் உண்டு. அம்மா கூட வந்து வாசலில் நிற்பார். எங்கள் முறைக்கு முதல் ஒரு கைபிடி அரிசியைப் போட்டு மில்லை ஓட்டச் சொல்வார், முன்னுக்கு வந்தவரின் தூள் எங்கள் தூளில் கலக்கக்கூடாதாம். கடைப்பெடியன் முதலில் முகம் சுழித்தான். இப்போது அம்மாவைக் கண்டதும் அவனே அரிசியை எடுத்து வைக்கிறான். இரண்டு தூளும் தனித்தனியே திரிக்கவேண்டும் என்பதால் அரிசி இரண்டு தரம்.

மகளுக்கு இந்த அரசியல் எதுவும் கிடையாது. ஒக்டோபர் இரண்டாவது திங்கள் தாங்ஸ்கிவிங்குக்கு வான்கோழி வாட்டுவது அவள் பொறுப்பு. பட்டரில் உள்ளியும் தேசிப்புளியும் தூளும் குழைத்து, தோலுக்கு அடியில் கைவிட்டுப் பூசுவாள். கொரகொரத் தூள்தான் தோலில் நன்றாக ஒட்டிப் பிடிக்கிறதாம், ஆகவே அவள் எடுப்பது என் போத்தலை. முதல் வருடம் அம்மா ஒரு துண்டைச் சாப்பிட்டுப் பார்த்து, தோல் நல்லாயிருக்கு, இறைச்சிக்குள்ளை ஒண்டும் இறங்கேல்லை என்று தீர்ப்புச் சொன்னார். எலும்போடு வெட்டி ஆட்டிறைச்சி மாதிரிப் பிரட்டவேண்டும், அதற்கு அம்மம்மாவின் தூள் போடவேண்டும் என்பது அவர் கட்சி. பேத்தி விட்டுக்கொடுக்கவில்லை, தோல் முறுகாத வான்கோழி எதற்கு என்று கேட்டாள். இறைச்சிக்கடையில் விசாரித்ததில், பறவையை நீளவாக்கில் இரண்டாக எலும்பறுக்கும் வாளால் அறுத்துத் தருவார்களாம். இப்போதெல்லாம் ஒரு பாதி ஓவனுக்கு, மறு பாதி சட்டிக்கு.