கனமான லார்ஜ் ஃபார்மட் கேமராவுக்கு எந்த ட்ரைபாட் ஹெட்?

ட்ரைபாட் ஹெட் (முக்காலியின் மேல் கேமராவைத் தாங்கி, சாய்க்கவும் திருப்பவும் உதவும் பாகம்) வாங்கும்போது எல்லோர் கண்ணும் முதலில் போவது, எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்குத்தான். பெரிய ஃபிலிம் தாளில் படமெடுக்கும் லார்ஜ் ஃபார்மட்டில் அந்த எண் அவ்வளவாக உதவாது. கேமரா ஹெட்டின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும்வரை எந்தச் சிக்கலும் வராது. குனிய வைத்ததும்தான் கதை மாறும்.

5 கிலோ கேமரா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை மையம் ஹெட் சாயும் அச்சுக்கு 15 செ.மீ. மேலே இருக்கிறது. 20 டிகிரி குனிய வைத்தால் அச்சில் விழும் முறுக்குவிசை சுமார் 2.5 நியூட்டன் மீட்டர். 300 மி.மீ. லென்ஸைப் போட்டு பெல்லோஸை (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் நீண்டு சுருங்கும் மடிப்புப் பகுதி) நீட்டும்போது எடை மையம் 5 செ.மீ. முன்னால் நகர்ந்தால், ஏறக்குறைய இன்னொரு அவ்வளவு சேரும். எடை கூடவில்லை, முறுக்குவிசை மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. அதனால் கேமரா அச்சுக்கு எவ்வளவு நெருக்கமாக உட்காருகிறதோ அவ்வளவு நல்லது. உயரமான ஹெட்டைவிடக் குள்ளமான ஹெட் மேல்.

உருண்டை மூட்டில் எல்லாப் பக்கமும் சாயும் பால் ஹெட்டை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே குமிழைத் தளர்த்தினால் எல்லாத் திசையும் ஒன்றாக விடுபடும். ஒரு கை கேமராவைப் பிடிக்க, இன்னொரு கை குமிழில் இருக்க, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு கிரவுண்ட் கிளாஸை (காட்சி விழும் பின்பக்க மங்கல் கண்ணாடி) எப்படிப் பார்ப்பது? இடவலம் மட்டம் பார்த்து முடித்து, முன்பின் சாய்வைத் திருத்தப் போனால் முதலில் செய்தது கலைந்துவிடும். 1.5 கிலோ எடையுள்ள 4×5 அங்குல ஃபிலிம் போடும், மடக்கி எடுத்துச் செல்லும் ஃபீல்டு கேமரா என்றால் பெரிய பால் ஹெட்டில் சமாளிக்கலாம். 8×10 பக்கம் போனால் மறந்துவிடுங்கள்.

உண்மையில் ஹெட்டிடம் நாம் கேட்பது கொஞ்சம்தான். கட்டடத்தின் உச்சியைப் படத்துக்குள் கொண்டுவர முன் ஸ்டாண்டர்டை (லென்ஸ் பொருத்திய சட்டம்) உயர்த்துகிறோம். கேமராவையே அண்ணாந்து பார்க்க வைப்பதில்லை. செங்குத்துப் படத்துக்குப் பின்பக்கத்தைக் கழற்றித் திருப்பிப் போடுகிறோம். அதனால் பக்கவாட்டில் 90 டிகிரி சாயும் வசதிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. இரண்டு திசையில் சாய்வு, தனித்தனிப் பூட்டு, கீழே சுழற்சி, இவ்வளவு போதும். ரீஸ் நிறுவனத்தின் டபுள் டில்ட் ஹெட் இந்த எண்ணத்தில் செய்ததுதான்.

குமிழைத் திருகினால் பற்சக்கரத்தால் நகரும் கியர்டு ஹெட்டின் சுகம் தனி. குமிழை விட்டால் கேமரா விழாது, மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தலாம். மான்ஃப்ரோட்டோ 410 தாங்குவது 5 கிலோ, 405 தாங்குவது 7.5 கிலோ என்று நிறுவனம் சொல்கிறது. 405-இன் சொந்த எடையே 1.6 கிலோ. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் சிறு இடைவெளி இருக்கும் என்பதால், திருகலை எப்போதும் எடையை மேலே தூக்கும் திசையில் முடியுங்கள். இறக்கும் திசையில் நிறுத்தினால், ஃபிலிம் ஹோல்டரை (ஃபிலிம் தாள் வைத்த தட்டையான பெட்டி) கேமராவின் பின்னால் செருகும்போது கேமரா மெல்ல அமர்ந்து ஃப்ரேம் மாறிவிட வாய்ப்புண்டு.

நீளக் கைப்பிடி உள்ள மூன்று வழி ஹெட் மலிவு, உறுதியும் உண்டு. ஆனால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி கிரவுண்ட் கிளாஸ் முன் குனியும்போது நெஞ்சில் குத்தும், இல்லையென்றால் ட்ரைபாட் காலில் இடிக்கும்.

அடுத்து, கேமரா உட்காரும் மேல் தட்டு. லார்ஜ் ஃபார்மட்டில் அதிகம் தொல்லை கொடுப்பது இதுதான். தட்டு சிறியதாக இருந்தால், டார்க் ஸ்லைடை (ஹோல்டரில் ஃபிலிமை வெளிச்சம் படாமல் மூடும் தகடு) உருவும்போது கேமரா ஸ்க்ரூவைச் சுற்றித் திரும்பும். மெத்தென்ற ரப்பர் அழுந்தி, ஸ்பிரிங் போல ஆட்டம் காட்டும், கார்க் பரவாயில்லை. கேமராவின் அடியில் 3/8 அங்குல மரை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், பித்தளை அடாப்டர் போட்டு 1/4-க்குக் குறைக்காதீர்கள். மரக் கேமரா என்றால் ஸ்க்ரூவின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்: மரையின் ஆழத்தைவிட நீளமான ஸ்க்ரூ உள்ளே போய் மரத்தை முட்டும், பலம் கொடுத்துத் திருகினால் மரையே பெயர்ந்து வரும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். பெல்லோஸை முழுக்க நீட்டி, கேமரா மேல் லேசர் பாயின்டரை டேப் போட்டு ஒட்டி, 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளி விழும் இடத்தைக் குறியுங்கள். பூட்டைத் தளர்த்தி, சாய்த்து, மறுபடி பூட்டுங்கள். கையை எடுத்ததும் புள்ளி எவ்வளவு கீழே இறங்குகிறது? ஹோல்டரைச் செருகி உருவியபின் எங்கே நிற்கிறது? சுவரில் 1 மி.மீ. நகர்வு என்றால் 300 மி.மீ. லென்ஸில் ஃபிலிம் மேல் 0.03 மி.மீ.தான், பொறுத்துக்கொள்ளலாம். புள்ளி சென்டிமீட்டர் கணக்கில் இறங்கினால் அந்த ஹெட் வேண்டாம்.

பொருத்தும்போது ட்ரைபாட் தட்டின் அடியில் பாருங்கள். பல ட்ரைபாட்களில் மூன்று சிறு ஸ்க்ரூக்கள் இருக்கும். ஹெட்டை இறுக்கியபின் அவற்றையும் ஆலன் கீ அல்லது ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கனமான கேமராவை இடப்பக்கம் சுழற்றும் ஏதோ ஒரு முறை, சுழற்சிப் பூட்டுக்குப் பதிலாக ஹெட்டே மரையிலிருந்து கழலத் தொடங்கும்.