மழைக்குப் பின் அறுந்துபோகும் டிஎஸ்எல் இணைப்பு

மதுரை திருநகரில் மழை பெய்த மறுநாள், தொலைபேசிக் கம்பி வழியே வரும் டிஎஸ்எல் இணையம் விட்டு விட்டு வந்தால், மோடத்தைக் குறை சொல்வதற்கு முன் லேண்ட்லைன் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக் கேளுங்கள். 4 கிலோஹெர்ட்ஸுக்குள் குரலும் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இணையமும் ஒரே செம்புக் கம்பியில்தான் வருகின்றன என்பதால், கரகரவென்று இரைச்சல் கேட்டால் பழுது பெரும்பாலும் கம்பியில்தான் இருக்கும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி) 6 டெசிபலுக்குக் கீழே இறங்கியிருந்தால் இணைப்பு அடிக்கடி அறும். எங்கள் வீட்டில், குரலையும் இணையத்தையும் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டரைக் கழற்றிவிட்டு மோடத்தை நேரடியாக இணைத்தும் அந்த அளவு உயரவில்லை. சன்ஷேடுக்குக் கீழே இருந்த தொலைபேசிக் கம்பிப் பெட்டியைத் திறந்து பார்த்தால், முறுக்கிவிட்டிருந்த செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. லைன்மேன் அண்ணன் அதை வெட்டி எறிந்துவிட்டு, ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டுக் கொடுத்தார். வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுப் போக மட்டும் விடாதீர்கள்; அதற்குள் ஈரம் இறங்கத்தான் செய்யும்.