தேயிலையை மறந்த வரிக்கணக்கு

கோத்தகிரியை அடுத்த எங்கள் ஊரில் மாதச் சம்பளம் வாங்குவோர் பலருக்கும் சிறிதளவாவது தேயிலைத் தோட்டம் இருக்கும். பள்ளி ஆசிரியையான எனக்கும் அப்பா பிரித்துக் கொடுத்த ஒன்றரை ஏக்கர் உண்டு. பறித்த பசுந்தேயிலையைத் தொழிற்சாலைக்கு எடை போட்டுக் கொடுக்கிறோம். மாதம் ஒருமுறை அதற்கான பணம் வங்கிக் கணக்கில் வரவாகிறது. அந்தப் பணத்தையும் வருமான வரியையும் சேர்த்து நினைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்ததே இல்லை. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது என்பது இங்கே எல்லோரும் அறிந்த செய்தி. அது பாதி உண்மை மட்டுமே என்பதை, 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான (அதாவது 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை ஈட்டிய வருமானத்துக்கான) வருமான வரிக் கணக்கைத் தவறாகத் தாக்கல் செய்து, பிறகு அதைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் அறிந்துகொண்டேன்.

ஜூலை 31 கடைசி நாள் என்பதால், அதற்கு முந்தைய வாரம் கடைவீதியில் உள்ள ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். "ஃபார்ம் 16-உம் பான் கார்டும் இருந்தா போதும் டீச்சர், பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்றார் அங்கிருந்த தம்பி. ஃபார்ம் 16 என்பது சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும், பள்ளி தரும் சான்று. சொன்னபடியே முடித்தும் கொடுத்தார். ஐ.டி.ஆர். 1 படிவம், புதிய வரி முறை, சம்பள வருமானம் எல்லாச் சம்பளக்காரர்களுக்கும் பொதுவான நிலைக்கழிவு போக 8,40,000 ரூபாய், அதற்கான வரி 40,560 ரூபாய் முழுவதும் சம்பளத்திலேயே பிடித்தமாகிவிட்டது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனவே குற்றத்தை முழுவதுமாக அவர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை.

அக்டோபரில் வங்கிக் கடனுக்காக வருமான வரிக் கணக்கின் நகல் தேவைப்பட்டபோது, முதன்முறையாக நானே வருமான வரித் தளத்துக்குள் நுழைய முயன்றேன். அங்கே பதிவாகியிருந்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் என்னுடையவை அல்ல. இரண்டும் பிரவுசிங் சென்டருடையவை. பெங்களூருவில் உள்ள மையச் செயலாக்க அலுவலகம் கணக்கைச் சரிபார்த்த முடிவைச் சொல்லி 143(1) பிரிவின்கீழ் செப்டம்பரில் அனுப்பிய அறிவிப்பும் அந்த மின்னஞ்சலுக்கே போயிருந்தது. முதல் வேலையாக ஆதார் வழியாக உள்ளே சென்று அந்த விவரங்களை மாற்றினேன். வெளியாள் ஒருவரைக் கொண்டு கணக்குத் தாக்கல் செய்திருப்பவர்கள், வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதை மட்டும் இன்றே பார்த்துவிடுவது நல்லது. நோட்டீஸ் வந்தால் அதற்குப் பதில் சொல்லும் கெடு, நாம் அதைப் படித்தோமா இல்லையா என்று பார்த்து ஓடுவதில்லை.

அறிவிப்பில் "செலுத்த வேண்டியது ஏதுமில்லை" என்று இருந்தது. துறையே ஒப்புக்கொண்டுவிட்டது என்று நிம்மதியானேன். அந்த நிம்மதி, ஏ.ஐ.எஸ். என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறக்கும் வரைதான் நீடித்தது. என் நிரந்தர வைப்புத்தொகைக்கு வங்கி கொடுத்த வட்டி 38,000 ரூபாய் அதில் பதிவாகியிருந்தது. என் கணக்கில் அது இல்லை. அந்த ஆண்டில் வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி வரி பிடிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. வங்கி பிடிக்கவில்லை என்பதால் வரியே இல்லை என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

குன்னூரில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் பெரியப்பா மகனுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "வட்டி இருக்கட்டும்மா, தேயிலைப் பணத்தை எங்க காட்டின?" என்று அண்ணன் கேட்டார். எங்குமே காட்டவில்லை.

பசுந்தேயிலையாகவே விற்கும் சிறு விவசாயியின் வருமானம் முழுவதும் விவசாய வருமானம்தான். அதற்கு நேரடியாக வரி இல்லை. தானே வளர்த்த இலையைத் தானே தேயிலைத்தூளாக்கி விற்பவருக்குத்தான் 40 விழுக்காடு வணிக வருமானம், 60 விழுக்காடு விவசாய வருமானம் என்ற பிரிப்பு வரும். ஆனால் விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிடுவதற்கு மட்டும் விவசாய வருமானத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். 5,000 ரூபாயைத் தாண்டியவர் ஐ.டி.ஆர். 1 படிவத்தைப் பயன்படுத்தவும் முடியாது. உரச் செலவும் பறிப்புக் கூலியும் போக எனக்கு அந்த ஆண்டு நின்றது 95,000 ரூபாய். ஆக, படிவமே தவறு.

கணக்கு இப்படிப் போயிற்று. சம்பளமும் வட்டியும் சேர்ந்து 8,78,000. தேயிலையும் சேர்ந்தால் 9,73,000. அதற்கு வரி 55,950 ரூபாய். அடிப்படை விலக்கான 3,00,000 ரூபாயோடு தேயிலை வருமானத்தைக் கூட்டினால் 3,95,000. அதற்கு வரி 4,750 ரூபாய். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 51,200. 4 விழுக்காடு செஸ் சேர்த்து ஏறக்குறைய 53,250. ஏற்கெனவே பிடித்தமானது போக, நான் கட்ட வேண்டியது 12,690 ரூபாய். இதில் வட்டி வருமானத்தால் வந்தது 4,000 ரூபாய்க்கும் குறைவு. மீதி எல்லாம், வரியே இல்லை என்று நான் நம்பியிருந்த தேயிலையால் வந்தது. தேயிலையைச் சேர்த்ததும் மேல்நுனி வருமானம் 15 விழுக்காட்டுப் படிக்கு ஏறிவிட்டதும் இதற்கு ஒரு காரணம்.

இதை எந்த வழியில் திருத்துவது என்பதில்தான் நான் இரண்டு நாள் தடுமாறினேன். அறிவிப்பு வந்துவிட்டதால் 154 பிரிவின்கீழ் பிழைத்திருத்தம் கோர வேண்டும் என்று எண்ணியிருந்தேன். ஏனெனில் உடன் பணிபுரியும் அக்கா ஒருவர் சென்ற ஆண்டு அப்படித்தான் செய்தார். அவருக்கு நேர்ந்தது வேறு. வரி பிடித்தம் செய்தவரை அடையாளம் காட்டும் டேன் எண்ணைத் தவறாக உள்ளிட்டதால் பிடித்தத் தொகை அவர் கணக்கில் சேரவில்லை. வரி பாக்கி என்று அறிவிப்பு வந்தது. ஆவணங்களைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும் அத்தகைய பிழைகளுக்கே 154. மறந்துபோன வருமானத்தைப் புதிதாகச் சேர்க்க அது இடமல்ல. அதற்கு 139(5) பிரிவின்கீழ் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். 143(1) அறிவிப்பு வந்திருப்பது அதற்குத் தடையில்லை. எனது ஆண்டுக்குச் சட்டப்படி டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. (பிரிவு எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின்படி சொல்கிறேன்.)

அதையும் தவறவிட்டிருந்தால் புதுப்பித்த கணக்கு என்னும் ஐ.டி.ஆர்.-யூ மட்டுமே மிஞ்சியிருக்கும். அதில் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் தாக்கல் செய்தாலே வரியோடும் வட்டியோடும் 25 விழுக்காடு கூடுதலாகக் கட்ட வேண்டும். எனக்கு அது 3,000 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும். வரியைக் குறைக்கவோ திரும்பப் பெறும் தொகையைக் கூட்டவோ அந்தப் படிவம் உதவாது. துறையே கண்டுபிடித்திருந்தால், குறைத்துக் காட்டிய வருமானத்துக்குரிய வரியில் பாதி அபராதமாகலாம். வேண்டுமென்றே தவறாகக் காட்டியதாகக் கருதினால் அபராதம் அந்த வரியைப்போல் இரு மடங்கு.

திருத்திய கணக்கு என்பது பழைய கணக்கில் ஒரு வரியை அடித்து எழுதுவது அன்று. பழையது முழுவதும் நீங்கி, புதியது அதன் இடத்தில் நிற்கும். ஆகவே சரியாக இருந்த விவரங்களையும் மீண்டும் தர வேண்டும். ஐ.டி.ஆர். 2 படிவத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் கணக்கின் 15 இலக்க ஒப்புகை எண்ணையும் தாக்கல் தேதியையும் கொடுத்து, விலக்கு வருமான அட்டவணையில் தேயிலையையும் இதர வருமானத்தில் வட்டியையும் சேர்த்தேன். சேர்த்து வரி கணக்கிடும் வேலையைத் தளமே செய்துவிடுகிறது. வருமானம் வரும் ஆண்டிலேயே தவணைகளில் கட்ட வேண்டிய முன்வரியைக் கட்டாததற்காக 234பி, 234சி பிரிவுகளின்கீழ் 1,500 ரூபாய்க்குச் சற்று மேல் வட்டி வந்தது. முதல் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்ததால் தாமதக் கட்டணம் இல்லை. பணம் கட்டும்போது, சுயமதிப்பீட்டு வரிக்கான 300 என்ற குறியீட்டையும் மதிப்பீட்டு ஆண்டையும் மூன்று முறை சரிபார்த்தேன். ஆண்டை மாற்றிப் போட்டு அலைந்தவர்களின் கதைகளை அண்ணன் நிறையச் சொல்லியிருந்தார்.

மிஞ்சியது, கணக்கைத் தாக்கல் செய்தது நாமே என்று இணையத்தில் உறுதிசெய்யும் மின்சரிபார்ப்பு. திருத்திய கணக்கையும் 30 நாட்களுக்குள் தனியே சரிபார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும் காலம் அது. மின்சாரமும் கைப்பேசி சிக்னலும் சேர்ந்தே போயின. 15 நிமிடமே செல்லும் ஆதார் ஓ.டி.பி., இருபதாவது நிமிடத்தில் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில், மேட்டில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதை முடித்தேன்.

டிசம்பரில் இரண்டாவது அறிவிப்பு என் சொந்த மின்னஞ்சலுக்கே வந்தது, பாக்கி ஏதுமில்லை. இப்போது வைப்புத்தொகை வட்டியைப் பள்ளி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன்; அதற்கான வரியையும் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். தேயிலையால் கூடும் வரி 10,000 ரூபாய்க்குள் அடங்கும் வரை முன்வரி கட்ட வேண்டியதில்லை. ஜூலையில் கணக்கோடு சேர்த்துக் கட்டினால் போதும். அதற்காகத் தொழிற்சாலை தரும் மாதாந்தர எடைச் சீட்டுகளை, முன்புபோல் அடுப்பு மூட்டப் பயன்படுத்தாமல், ஒரு கோப்பில் சேர்த்து வைக்கிறேன்.