ரொட்ஜர்ஸா, திகோனோவா?

செய்மதித் தரவோடு மல்லுக்கட்டுகிற எங்கள் கூட்டத்தில் அடிக்கடி கிளம்புகிற வாக்குவாதம் இது. வளிமண்டலத்தில் எந்த வாயு எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க விஞ்ஞானி ரொட்ஜர்ஸின் உகந்த மதிப்பீடு நல்லதா, கணிதவியலாளர் திகோனோவின் முறை நல்லதா? போன கிழமை வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடையிலும் இதே கதைதான்.

செய்மதிக்குக் கிடைப்பது ஒளியின் நிறமாலை மட்டுமே. பலசரக்குக் கடைப் பில்லின் மொத்தத்தைக் காட்டி, பருப்பு என்ன விலை, சீனி என்ன விலை என்று கேட்கிற மாதிரி. அளவீட்டோடு ஆகக் கிட்டப் பொருந்துகிற விடையை மட்டும் தேடுகிற வெறும் இழிவு வர்க்க முறையில் தீர்த்தால் அளவீட்டின் சின்ன இரைச்சலும் பூதமாகி, ஓசோன் ஒரு மட்டத்தில் மலையாக ஏறி அடுத்த மட்டத்தில் பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடும். மைனஸ் ஓசோன்!

அதை அடக்க திகோனோவ், உயரத்தோடு வாயு மாறுகிற கோடு வழுவழுப்பாக இருக்கட்டும் என்கிறார். எவ்வளவு வழுவழுப்பு என்பதை பொருத்தத்தையும் வழுவழுப்பையும் எதிரெதிரே வரைகிற எல் (L) வடிவ வளைவின் மூலையைப் பார்த்துப் பிடிப்பார்கள், பல நேரம் அங்கே மூலையே இருக்காது என்பது வேறு விஷயம். ரொட்ஜர்ஸ் வழியில் முன்னறிவு வரும்: சராசரி, ஏற்ற இறக்கம், ஒரு கோவேரியன்ஸ் தாயம் (மட்டங்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து மாறும் என்கிற எண் அட்டவணை). எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சமன்பாடுதான், அந்தத் தாயத்தின் நேர்மாறு நிற்கிற இடத்தில் திகோனோவ் வழுவழுப்புத் தாயத்தை வைக்கிறார், அவ்வளவே. காபனீரொட்சைட்டுக்கு ஓசிஓ-2 செய்மதி ரொட்ஜர்ஸ் வழியில் போகிறது, மெதேனுக்கு ட்ரோபோமி என்கிற செய்மதிக் கருவி திகோனோவ் வழியில். கோவேரியன்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு 10% என்று நிரப்புகிறவர்கள் பேசாமல் திகோனோவுக்கே போகலாம் என்பது என் கட்சி.

கொழும்புக்கு மேலே நைதரசன் ஈரொட்சைட்டு பார்க்கிறவர்களுக்குத் தலைவலி வேறு இடத்தில். ட்ரோபோமி இதற்கு 405–465 நானோமீற்றரில், வாயு உறிஞ்சுகிற ஒளியின் தடத்தைப் பொருத்திப் பார்க்கிற டோஆஸ் (DOAS) முறையைப் பாவிக்கிறது, அதில் வருகிற சாய்வு அளவை (ஒளி சரிவாக வந்த பாதை முழுக்க இருக்கிற வாயு) செங்குத்தாக்க, வாயு எந்த உயரத்தில் எவ்வளவு என்று ஒரு உலகக் கணினி மாதிரி தருகிற விபரம் வேண்டும். அந்த மாதிரியின் கட்டம் 1 பாகை, கிட்டத்தட்ட 110 கிலோமீற்றர். துறைமுகம், புறக்கோட்டை பஸ் புகை, வெறுங்கடல் எல்லாம் ஒரே பெட்டிக்குள் கலந்துவிடும், ஆனால் அளவீட்டுப் புள்ளியோ நேர்கீழே 5.5 × 3.5 கிலோமீற்றர்தான். நகரத்துப் புகை குறைவாகத் தெரிகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, இரண்டு தரவுகளை ஒப்பிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆவரேஜிங் கேர்னலை, அதாவது ஒவ்வொரு உயரத்தையும் கருவி எவ்வளவு உணர்கிறது என்கிற நிறையை, போடாமல் வெறும் எண்ணைக் கழித்துப் படம் அனுப்பாதீர்கள். அதே கோப்புக்குள்தான் கிடக்கிறது.